வாசப்படி சார்

ஜூலை 8

பம்ப்செட் கம்பெனியில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. ஆறு மாதமாக அலமாரியில் சும்மா கிடந்தது. முதல் பாதி காலியாகவே இருக்கட்டும். அங்கே ஒன்பது வருடம் கணக்கு எழுதினேன். எழுதி வைக்கும்படி வேறொன்றும் நடக்கவில்லை.

இன்று பேக்கரி டிப்ளமோவில் முதல் நாள். ஒரு வருடப் படிப்பு. வகுப்பில் எல்லாம் பிளஸ் டூ முடித்த பொடிசுகள். நான் உள்ளே போனதும் டீச்சர் என்று நினைத்து எழுந்து நின்றார்கள். முப்பத்திரண்டு வயதுக்கு இந்த மரியாதை போதும். கல்லூரி வாசலில் பெரிய பேனர். வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பையன் கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறான். பக்கத்தில் ‘வெளிநாட்டில் வேலை, லட்சத்தில் சம்பளம்’. எத்தனை லட்சம், மாதத்துக்கா வருடத்துக்கா என்று பேனர் முழுக்கத் தேடினேன். போடவில்லை.

வீட்டுக்காரர் பூபதி, கோயமுத்தூர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். டைரிக்கு அறிமுகம் தேவையில்லைதான், ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. சாப்பிடும்போது கண்டிஷனை மறுபடியும் சொன்னார்.

“ஒரு வருசம், வாணி. அதுக்குள்ள நல்ல வேலை கெடைக்கலீன்னா பழையபடி கணக்கெழுதப் போயிரோணும். அப்பறம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கப்படாது.”

“சரிங்க.”

சரி என்று சொன்னேனே தவிர, திரும்பிப் போகிற எண்ணம் எனக்கில்லை. குக்கரில் மணலைப் போட்டு கேக் சுட்ட காலத்திலிருந்து எனக்குப் பிடித்தது இந்த ஒரு வேலைதான். இதை இவரிடம்கூட இவ்வளவு பச்சையாகச் சொன்னதில்லை.

ஜூலை 17

பேக்கரி வாத்தியார் பெயர் கனகராஜ். சென்னையில் ஸ்டார் ஹோட்டல் ஒன்றில் பேஸ்ட்ரி செஃப்பாக இருந்தவராம். அதை விட்டுவிட்டு இந்தக் கல்லூரிச் சம்பளத்துக்கு வந்திருக்கிறார் என்றால் அங்கே ஏதோ வம்பு செய்திருக்க வேண்டும். மனுஷன் லேபுக்குள் காலே வைப்பதில்லை. நாங்கள் மைதா சலிக்க ஆரம்பித்தால் போதும், வாசலுக்குப் போய்விடுவார். தோளில் எப்போதும் ஒரு ஈரத் துண்டு. அதை மூக்கில் பொத்திக்கொண்டு அங்கிருந்தே சத்தம் போடுவார்.

“அப்சலு, அது மாவா, களிமண்ணா? இன்னும் பெசைய்யி!”

அப்சல் என் மேசைக் கூட்டாளி. உக்கடத்துப் பையன், பத்தொன்பது வயது, வாய் நீளம். அவன் அப்பா, அத்தா என்றுதான் அவன் சொல்வான், அங்கே டீக்கடையோடு பேக்கரி நடத்துகிறார். ‘வாசப்படி சார்’ என்று பெயர் வைத்தது அவன்தான். துரை கையில் மாவு ஒட்டக் கூடாதாம் என்றான். நானும் நன்றாகச் சிரித்தேன். ஃபீஸ் கட்டியிருக்கிறோம், வாத்தியார் கையால் ஒரு பன்னாவது உருட்டிக் காட்ட வேண்டாமா?

ஆகஸ்ட் 6

மானம் போன நாள். செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாளே என்னென்ன சாமான் வேண்டும் என்று ஸ்டோருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு இண்டென்ட் என்று பெயர். எழுதாத சாமானை ஸ்டோர்காரர் செத்தாலும் தர மாட்டார். பக்கத்து மேசையில் கடன் வாங்கவும் கூடாது. நான் மைதா எழுதினேன், ஈஸ்ட் எழுதினேன், சர்க்கரை, வெண்ணெய், ட்ரேயில் தடவ எண்ணெய்கூட எழுதினேன். உப்பை விட்டுவிட்டேன்.

ரொட்டி பார்க்க ராஜா மாதிரி எழுந்து நின்றது. சார் வாசலில் நின்றபடியே ஒரு விள்ளல் வாங்கி வாயில் போட்டார்.

“ஏனம்மிணி, ஒம்பது வருசம் கணக்கெழுதுனேன்னீங்க?”

“ஆமாங்க சார்.”

“எல்லா வரியும் எழுதுவீங்களா, இல்ல இப்படித்தானா?”

வகுப்பே சிரித்தது. அப்சல் சத்தமாகவே சிரித்தான், துரோகி. வீட்டில் இவரிடம் சொல்லவில்லை. இனி சாகிற வரைக்கும் முதல் வரியில் உப்பைத்தான் எழுதுவேன்.

ஆகஸ்ட் 22

சளி. மழைக்காலம்.

செப்டம்பர் 11

சளி விட்டபாடில்லை. காலையில் லேபில் தும்மல் ஆரம்பித்தால் அடுக்கடுக்காக வருகிறது. வீட்டுக்கு அடித்த புதுப் பெயிண்டாக இருக்கும் என்று இரண்டு நாள் ஜன்னலைத் திறந்தே வைத்தேன். கொசுவர்த்தியை நிறுத்தினேன். அப்புறம்தான் உறைத்தது, இவர் பட்டறையிலிருந்து சட்டையில் இரும்புத் தூளைச் சுமந்துகொண்டு வருகிறார். இனிமேல் வெளிக்குழாயில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று சொல்லிவிட்டேன். “பத்து வருசமா வராத சளி இப்ப எங்கிருந்து வருது?” என்று முணுமுணுத்தார். ஆனாலும் குளித்தார்.

பஃப்ஸுக்கு மாவு மடிக்கக் கற்றுக்கொண்டேன். எனக்கு வந்த மடிப்பு வகுப்பில் ஒருத்தருக்கும் வரவில்லை. வாசப்படி சார் ஒன்றுமே சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

அக்டோபர் 5

ஆயுத பூஜை லீவுக்கு கோபியில் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தோம். தும்மல் இல்லை, இருமல் இல்லை, நெஞ்சு பஞ்சாக இருந்தது. கோபிக் காற்று நல்ல காற்று. வாய்க்கால் ஓடுகிற ஊர் அல்லவா?

இன்று லேபுக்குத் திரும்பினேன். பழையபடி ஆரம்பித்துவிட்டது. கோயமுத்தூர்ப் புகை.

அக்டோபர் 23

சம்பளத்தைப் பற்றி அப்சலிடம் பேசினேன். பிளேஸ்மென்ட் மேடம் காலையில் வந்து, உள்ளூர் ஹோட்டலில் சேர்ந்தால் தொடக்கத்தில் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம், சாப்பாடு இலவசம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

“எங்க கடை மாஸ்டருக்கு அத்தா இருபத்தெட்டு குடுக்கறாருக்கா. அவரு எட்டாவது ஃபெயிலு.”

“அப்பறம் நீ எதுக்குடா இங்க வந்து படிக்கறே?”

“மாஸ்டருக்கு உக்கடத்துக்கு அந்தாண்ட யாரும் வேலை தர மாட்டாங்க. பேப்பர் இருந்தா கப்பல்ல ஏத்துவாங்க, துபாயில எடுப்பாங்க. அதுக்குத்தான்.”

பையன் சொல்வதில் ஞாயம் இருக்கிறது. பம்ப்செட் கம்பெனியில் எனக்குப் பதினாறரை. பன்னிரண்டுக்குப் போய் நின்றால் இவர் கண்டிஷனை எடுத்து நீட்டிவிடுவார். எனக்கு வெளிநாட்டு வேலைதான் வழி. அங்கே முதல் வருடம் கையில் முப்பத்தைந்து, தங்க இடமும் சாப்பாடும் தனி என்று மேடம் சொன்னார். பேனரில் போட்ட லட்சம் எப்போது என்று கேட்டேன். “அது பத்து வருஷ எக்ஸ்பீரியன்ஸுக்கு அப்புறம்மா” என்றார். அதையும் பேனரில் போட்டால் என்ன?

நவம்பர் 14

ஹோட்டல் பயிற்சி. விடியற்காலை ஷிஃப்ட். மூட்டை மூட்டையாக மைதாவை மெஷினில் கொட்டுகிறோம். வேலை அருமையான வேலை. டிபன் நேரத்துக்குள் நானூறு பன் வெளியே போகிறது. அதில் நான் உருட்டியது எது என்று எனக்குத் தெரியும்.

மூச்சு மட்டும் கொஞ்சம் இழுக்கிறது. நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிறது என்று சொல்லி, இவர்தான் பிடிவாதமாக டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். வீசிங் என்றார்.

“என்ன வேலை பாக்கறீங்க?”

“கணக்குங்க.”

ஒன்பது வருடம் பார்த்த வேலைதானே, பொய் இல்லை. இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். டாக்டர் நீல நிறத்தில் ஒரு பஃப் எழுதிக் கொடுத்தார். வாயில் வைத்து அழுத்தி உறிஞ்ச வேண்டும். நன்றாகவே கேட்கிறது. ஏப்ரனுக்குள் பை தைத்து அதில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 4

டைரி முடிந்துவிட்டது. முதல் பாதி காலியாகக் கிடக்கிறதே என்று முன்பக்கத்துக்கு வந்துவிட்டேன். கிழமை மட்டும் தப்பாக இருக்கும்.

இடைவேளையில் சிலிண்டர் வைக்கும் கொட்டகைக்குப் பின்னால் போனேன், பஃப் அடிக்கத்தான். அங்கே ஏற்கெனவே ஒரு ஆள் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். கனகராஜ் சார். கையில் நீல பஃப். அதே கம்பெனி.

அவர் என் கையைப் பார்த்தார். நான் அவர் கையைப் பார்த்தேன். இரண்டு பேருமே மறைத்துக்கொண்டோம்.

“மேசையத் தொடைக்கறப்ப வெளக்கமாறு, பிரஷ்ஷு எதும் எடுக்காதீங்க. தண்ணி தெளிச்சுத் தொடைங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவருக்கும் சளிபோல.

ஜனவரி 20

என் மேசையை வாசலோரம் மாற்றிவிட்டார். எதற்கு என்று கேட்டேன். “வெளிச்சமாட்ட இருக்கும்” என்றார். உப்பில்லாத ரொட்டிக்கு இன்னும் தண்டனை ஓடுகிறது என்று அப்சல் சொல்கிறான். இருக்கட்டும், இங்கே காற்று வருகிறது.

பிப்ரவரி 12

துபாயில் ஒரு ஹோட்டலிலிருந்து ஆள் எடுக்க வருகிறார்கள். பேக்கரிக்கு ஒரே இடம். எங்கள் வகுப்பிலிருந்து என்னையும் அப்சலையும் அனுப்புகிறார்கள். எல்லார் முன்னாலும் ரொட்டி செய்து காட்ட வேண்டும்.

பிரின்சிபாலுக்கு நான் போக வேண்டும் என்று ஆசை. கல்யாணமான பெண் வெளிநாட்டுக்குப் போனால் அடுத்த வருடப் பேனருக்கு ஆகும் என்று மறைக்காமலே சொன்னார். இன்றைக்கே தொப்பி மாட்டிப் படமும் எடுத்துவிட்டார்கள். கையைக் கட்டு, சிரி என்றான் ஃபோட்டோக்காரன். தேர்வே இன்னும் நடக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் கூடத்தில் புதுப் பெட்டி ஒன்று நிற்கிறது. சக்கரம் வைத்தது, நீலம். இவர் பக்கத்தில் நின்று அதை இப்படியும் அப்படியும் உருட்டிக்கொண்டிருந்தார்.

“தள்ளுபடில கெடைச்சுது” என்றார்.

“இன்னும் வேலையே கெடைக்கலீங்க.”

“கெடைச்சுப்போச்சுன்னா? அப்ப போயித் தேடிட்டிருக்க முடியுமா?”

இரண்டு வருடத்தில் ஒப்பந்தம் முடிந்துவிடும், அதுவரை தங்கச்சியை வந்து இருக்கச் சொல்லலாம், தினமும் வீடியோவில் பேசலாம். எல்லாவற்றையும் அவரே யோசித்து வைத்திருந்தார். இந்த மனுஷன் மேல் இவ்வளவு பிரியம் பொங்கி ரொம்ப நாளாயிற்று. பொங்கியதைச் சொல்லாமல் காபி போடப் போனேன்.

மார்ச் 3

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

துபாயிலிருந்து வந்த செஃப் மங்களூர்க்காரர், பெயர் பின்டோ. அவரும் பிரின்சிபாலும் நாற்காலி போட்டு லேபுக்குள் உட்கார்ந்தார்கள். ஜன்னல்களைச் சாத்திவிட்டு ஏசியைப் போட்டார்கள். விருந்தாளிக்கு வியர்க்கக் கூடாதாம். கனகராஜ் சார் வழக்கம்போல வாசலில். நான் காலையிலேயே இரண்டு தடவை பஃப் அடித்துவிட்டு வந்திருந்தேன். இண்டென்டில் முதல் வரி உப்பு.

அப்சல் முதலில் சலித்தான். அந்தத் தூளிலேயே எனக்குத் தொண்டை அடைத்தது. என் முறை வந்தது, சல்லடையைக் கையில் எடுத்தேன். மூச்சு உள்ளே போகவில்லை. தும்மல் வந்தால் எல்லாம் போச்சு என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது, செஃப் பின்டோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போது சார் உள்ளே வந்தார்.

ஜூலையிலிருந்து ஒரு நாளும் மாவு பறக்கும்போது உள்ளே வராத மனுஷன். நேராக என் மேசைக்கு வந்து சல்லடையைப் பிடுங்கினார். “எடுத்து வெச்ச வெண்ணெய் ஃப்ரிட்ஜுல இருக்குது, போயி எடுத்துட்டு வாங்க” என்றார். ஃப்ரிட்ஜ் அந்தக் கோடியில் இருக்கிறது. நான் போய்த் திரும்புவதற்குள் அவ்வளவு மைதாவையும் சலித்து, தண்ணீரை ஊற்றிப் பிசிறியும் வைத்துவிட்டார். துண்டு தோளிலேயே கிடந்தது, மூக்குக்குப் போகவில்லை.

அப்புறம் இருமல் பிடித்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார், நிமிரவே இல்லை. முகம் நீலம் பாரித்து, கண் பிதுங்கி, கழுத்து நரம்பு புடைத்துப்போனது. அப்சல் ஓடிவந்து தாங்கி வெளியே கூட்டிப்போனான். போகும்போது சார் ஒரே ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தார். 

ரொட்டி செய்தேன். கை தானாகச் செய்தது. செஃப் பின்டோ பிட்டு முகர்ந்தார், தின்றார், இன்னொரு துண்டும் கேட்டு வாங்கித் தின்றார்.

வேலை எனக்குக் கிடைத்துவிட்டது. அப்சல் இரண்டாவது.

மார்ச் 4

சார் லீவு. பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்.

“கனகராஜுக்கு இது அடிக்கடி வருதுங்களா? பேக்கரி லேபுக்கு ஒத்து வராத ஆளை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?”

“சளிங்க சார். சீசன் சரியில்ல.”

எனக்கு மனப்பாடமான பதில்தானே.

மார்ச் 8

சாரை அவர் வீட்டுக்குப் பக்கத்து டீக்கடையில் பிடித்தேன். கோபத்தோடுதான் போனேன்.

“எதுக்கு சார் உள்ள வந்தீங்க?”

“நீங்க சலிச்சிருந்தா டெஸ்ட்டு பாதியில நின்னிருக்குமுங்க.”

“நின்னா நின்னுட்டுப் போகுது. உங்களுக்கு ஏதாச்சும் ஆகியிருந்தா?”

அவர் டீயை ஆற்றினார். வேறொன்று கேட்டார்.

“டாக்டர்ட்ட என்ன வேலைன்னு சொன்னீங்க?”

டம்ளரைக் கீழே வைத்தேன்.

“கணக்குன்னு.”

“நான் டிரைவர்னு சொன்னேன்” என்றார். “பதினோரு வருசமாச்சு. அன்னிக்கே நெசத்தச் சொல்லியிருந்தா நெஞ்சு பழையபடி ஆயிருக்குமாம். நாலு வருசம் மறைச்சு மறைச்சு மாவுலயே நின்னேன். இப்ப மாவு இல்லாத எடத்துலயும் இழுக்குது.”

“எனக்கு ஆரம்பத்துலயே வந்துருச்சு. உங்களுக்குத் தெரியுமில்ல?”

“ஆகஸ்ட்லயே தெரியுமுங்க.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா எப்படித் தெரியும்னு கேப்பீங்க. அது ஆபீஸ் வரைக்கும் போகும். பேக்கரி வாத்தியாருக்கு மாவு ஆகாதுன்னா யாருங்க சம்பளம் தருவாங்க? ரெண்டு பிள்ளைங்க படிக்குதுங்க.” டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “வாய்ல சொல்ல வரல. அதனாலதான் சலிச்சேன். பாத்தீங்கல்ல?”

பார்த்தேன். அந்த முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஆனால் ஏழு மாதம் சார் வாயை மூடிக்கொண்டிருந்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. அதை நேரிலேயே சொன்னேன். “சரிதானுங்க” என்றார். டீக்கு அவரே காசு கொடுத்தார்.

வழியெல்லாம் சார் மேல் கோபம், டாக்டரிடம் பொய் சொன்ன என் மேல் அதைவிடக் கோபம். கோபி லீவு, நாலு நாள் சுத்தமாக இருந்த நெஞ்சு, எல்லாம் எழுதித்தானே வைத்திருக்கிறேன். கோபிக் காற்றாம், வாய்க்காலாம்!

மார்ச் 11

அதே டாக்டர். துபாய்க்குப் போவதற்கு முன்னால் ஒரு சர்டிபிகேட் வேண்டும் என்று இவர்தான் நேரம் வாங்கியிருந்தார். டாக்டர் பழைய சீட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“அக்கவுன்ட்ஸ் வேலைதானே?”

“ஆமாங்க டாக்டர், கணக்குத்தான்” என்று இவர் முந்திக்கொண்டார். பட்டறையில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தாயிற்று. தங்கச்சியிடம் தேதி சொல்லியாயிற்று.

“இல்லீங்க” என்றேன். “பேக்கரி. மாவுல வேலை.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். ஒரு குழாயில் என்னை ஊதச் சொன்னார், மறுபடியும் ஊதச் சொன்னார். நிறையக் கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் நிஜத்தைச் சொன்னேன். மைதாதான் காரணம் என்றார். இப்போதே விட்டுவிட்டால் தேறிவிட நல்ல வாய்ப்பு இருக்கிறதாம். இன்னும் இரண்டு வருடம் மாவில் நின்றால் அவர் கையிலும் இல்லையாம்.

வண்டியில் திரும்பினோம். கணபதி சிக்னலில் நிற்கும்போது, இவர் திரும்பாமலே சொன்னார்.

“ஏர்போர்ட்டுக்குள்ள வரைக்கும் வந்து வழியனுப்பலாம்னு நெனச்சிருந்தேன். நான் உள்ள போயிப் பாத்ததே இல்ல.”

அவர் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். சட்டையில் இரும்புத் தூள் வாசம். பாவம், அதன் மேல் எவ்வளவு பழி போட்டேன்.

மார்ச் 12

இன்று எதுவும் சுடவில்லை.

ஏப்ரல் 2

எங்கள் வகுப்பு மார்ச்சோடு முடிந்தது. என் இடத்துக்கு அப்சலை எடுத்துக்கொண்டார்கள். சொல்லிக்கொள்ள வீட்டுக்கு வந்தான். கண்ணைப் பார்க்கவே கூச்சப்பட்டான். இவர் உள்ளே போய் நீலப் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தார்.

“எடுத்துட்டுப் போ தம்பி. இங்க சும்மாதான் நிக்குது.”

அவன் வேண்டாம் வேண்டாம் என்றான். நான் அதட்டினேன், வாங்கிக்கொண்டான்.

“ஏதாச்சும் சொல்லுங்கக்கா.”

எனக்கு நெஞ்சை அடைத்தது. இந்தத் தடவை மாவு இல்லை.

“தும்மல் வந்தா சளின்னு நெனச்சுக்காத. ஒடனே டாக்டர்ட்டப் போ. என்ன வேலைன்னு கேட்டா நெசத்தச் சொல்லு.” அவன் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. அதனால் இன்னொன்றும் சொன்னேன்: “இண்டென்ட்ல உப்பு எழுத மறந்துராத.”

சிரித்தான். சக்கரம் இருப்பதையே மறந்து பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு படியிறங்கினான்.

மே 6

பயிற்சி எடுத்த அதே ஹோட்டலில் சேர்ந்து ஒரு வாரமாகிறது. டிபன் செக்‌ஷன், ஆம்லெட் கவுன்டர். பன்னிரண்டரை. பழைய கணக்கு வேலையைவிடக் குறைவுதான். கண்டிஷன் என்ன ஆயிற்று என்று இவரிடம் நானே கேட்டேன். “வருசம் முடிய இன்னும் ரெண்டு மாசம் கெடக்குதில்ல?” என்றார்.  தாளிப்பதற்கும் வறுப்பதற்கும் முதலிலிருந்து கற்றுக்கொள்கிறேன். என்னோடு சேர்ந்த பையனுக்கு இருபது வயது, எனக்கு அவன்தான் சீனியர். கல்லூரி வாசலில் புதுப் பேனர் வைத்துவிட்டார்களாம். தொப்பி போட்டு, கையைக் கட்டிக்கொண்டு நான்தான் சிரிக்கிறேனாம். கனகராஜ் சார் இன்னும் வாசலிலேயேதான் நிற்கிறாராம்.

பஃப் எடுத்து மூன்று வாரமாகிறது. மூச்சு நன்றாக இருக்கிறது.

இன்று ஷிஃப்ட் முடிந்து கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது பேக்கரியில் ஓவனைத் திறந்தார்கள். பன் வாசம் நடைபாதை முழுக்க வந்தது. போகக் கூடாது என்றுதான் நினைத்தேன். உள்ளே மாவுத் தூள் பறந்துகொண்டிருந்தது. பழக்கமான ஆட்கள்தான், “உள்ள வாங்கக்கா, சூடா இருக்குது” என்று கூப்பிட்டார்கள்.

“இல்லப்பா, இங்கயே நிக்கறேன்” என்றேன்.

தோளில் கிடந்த ஈரத் துண்டை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு, வாசப்படியில் நின்றேன்.